வெளிப்பூட்டு

பூட்டு விழுந்த சத்தத்தில் பிசகு எதுவும் இல்லை. கொண்டி வளையத்தில் மாட்டும் கிணுக், பூட்டின் நாக்கு இறங்கும் டொக், பிறகு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு இழுப்பு. வர்ணிகா எப்போதும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள், இன்றைக்கும் இரண்டுதான். ஒன்றோடு விட்டிருந்தால் என்ன அவசரம் என்று கேட்டிருக்கலாம், மூன்றாகப் போயிருந்தால் என்ன பயம் என்று கேட்டிருக்கலாம், இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பாயில் மல்லாந்து கிடந்த வெள்ளியங்கிரிக்கு விளங்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடப்பதைப் போலச் சந்தேகம் தருவது வேறொன்றும் இல்லை. பதினோரு வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் முழு நைட் பார்க்கிறவனுக்கு அது தெரியும். சீராக ஓடும் மிஷினைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கெட்டுப்போன மிஷின் தானே கத்தும். மகள் கத்தவில்லை. எட்டு வயசு, மூணாங்கிளாஸ். எட்டேகாலுக்கு அவன் வீடு வந்து சேர்ந்தபோது யூனிபார்ம் மாட்டி, தானே சடை பின்னி, ரிப்பன் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று தோளுக்குக் கிட்டேயுமாகத் தொங்க, அம்மா வைத்துவிட்டுப் போன இட்லியைத் தின்று தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். "தூங்குங்கப்பா, பூட்டிட்டுப் போறேன்" என்றாள். நேற்றும் இதையேதான் சொன்னாள், முந்தாநாளும் இதையேதான் சொன்னாள். நேற்றும் முந்தாநாளும் அவள் பள்ளிக்கூடத்துப் படியையே மிதிக்கவில்லை என்று டீச்சர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஞானசுந்தரி டீச்சர் நேற்றுச் சாயங்காலம் வந்தார். லைன் வீட்டுக் குழாயடியில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "நான் திட்ட வரலீங்க" என்று ஆரம்பித்தார். திட்ட வராதவர் எதற்கு அதைச் சொல்லிக்கொண்டு வரவேண்டும். ஒன்றரை மாசத்தில் பதினேழு நாள் வரவில்லை என்றார். இருக்காதுங்க டீச்சர், நான்தான் தெனமும் அனுப்பறேன் என்றான் இவன். "அனுப்பறீங்களா, கொண்டாந்து விடறீங்களா?" "அனுப்பறேனுங்க." "அதத்தான் கேட்டேன்" என்று டீச்சர் சொன்ன விதம் ராத்திரி முழுக்க மிஷினுக்கு நடுவிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதத்தான் கேட்டேன். எதை? குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்திருப்பாரா, பிள்ளையை வேலைக்கு விட்டிருக்கிறான் என்றா. அவர் கண் ஜன்னலைப் பார்த்தது, ஜன்னலில் அடித்திருந்த கறுப்புச் சாக்கைப் பார்த்தது, பூட்டைப் பார்த்தது, அவன் கண்ணைப் பார்த்தது. பகலில் தூங்குகிறவன் கண் சிவந்துதான் இருக்கும் என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். வகுத்தல் கணக்கு ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, வர்ணிகா ஏழாம் வாய்ப்பாட்டிலேயே நிற்கிறாள் என்றார். அதுகூடப் பரவாயில்லை, கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், மெதுவாக, அன்பாக: "வீட்ல பாத்துக்க முடியலேன்னா சொல்லுங்க. உண்டு உறைவிடப் பள்ளி ஒண்ணு இருக்குது. அங்கயே தங்கிப் படிக்கலாம், நாற்பது கிலோமீட்டருதான். இப்படியே போனா நான் பேரு எழுதிக் குடுக்க வேண்டி வரும்." நாற்பது கிலோமீட்டருதான். ஒரு பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களும் இப்படித்தான் பேசுவார்கள், உதவிக்கு வந்த குரலில். வர்ணிகா குடத்தைப் பிடித்துக்கொண்டு கால் கட்டைவிரலைப் பார்த்து நின்றாள். எங்க போற கண்ணு, பள்ளிக்கோடம் போகாம எங்க போற என்று இவன் கேட்டதற்கு, "எங்கயும் போகலீங்கப்பா" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீச்சர் பைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தார், வராத தேதியெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. "காலைல ஒம்போதரைக்கு அட்டெண்டன்ஸ் போடுவனுங்க. வரலேன்னா உடனே உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். நீங்க எடுக்கோணும்னு இல்ல, தெரிஞ்சாப் போதும்." தெரிஞ்சாப் போதும். அதனால்தான் தூக்கத்தை ஒத்திப்போட்டுவிட்டு போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, பூட்டிய வீட்டுக்குள், தூங்குகிறவன் மாதிரி கிடக்கிறான்.

வெளியே பூட்டச் சொன்னது அவனேதான். இந்த லைனில் நைட் பார்க்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான், யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. உள்ளே தாழ் போட்டால் உள்ளே ஆள் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் சிலிண்டர்காரன் தட்டுவான், கோயில் நன்கொடை நோட்டோடு தட்டுவார்கள், பழைய பேப்பர்காரன் தட்டுவான், ஒருத்தன் தட்டிவிட்டுப் போய்விட்டாலும் அடுத்தவன் தட்டுவானோ என்று காது விழித்தே கிடக்கும். பூட்டைப் பார்த்தால்தான் மனுஷன் பேசாமல் திரும்பிப் போகிறான். வீட்டிலிருந்து கடைசியாகக் கிளம்புகிறவர் பூட்டிக்கொண்டு போக வேண்டும், முதலில் வருகிறவர் திறந்துவிட வேண்டும். துளசிமணி ஆறேமுக்காலுக்கே கம்பெனி வேன் ஏறிவிடுவாள், திரும்ப ராத்திரி ஏழரை. ஆகவே கடைசியாகப் போவதும் வர்ணிகா, முதலில் வருவதும் வர்ணிகா. சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள், அடையாள அட்டைக்கு உள்ளே, சட்டைக்கும் உள்ளே. உள்ளே மூலையில் குளிக்க, ஒண்ணுக்குப் போக அங்கணம் இருக்கிறது, பானையில் தண்ணீர் இருக்கிறது, செத்தவன் மாதிரித் தூங்கலாம். பின்லைனில் ஆவணியில் ஒரு வீடு பற்றிக்கொண்டபோது, பேட்டரி வண்டிக்கு சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போயிருந்தார்கள், ஜனம் கடப்பாரையால் பூட்டை உடைத்து உள்ளே போனால் கட்டிலும் டிவியும் கரியாகக் கிடந்தன, நல்லவேளை ஆரும் உள்ள இல்ல என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவன்தான் சொல்லிச் சிரித்தான்: "அதே நம்ம வீடா இருந்தா உள்ள ஆளு கெடக்கறதே ஊருக்குத் தெரியாது. பூட்டப் பாத்துட்டு, ஆரும் இல்லடான்னு திரும்பிப் போயிருப்பானுங்க." வாயக் கழுவுங்க மொதல்ல என்று துளசிமணி கரண்டியை ஓங்கினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் ஓங்கினாள். வர்ணிகாகூட என்னமோ கேட்டாள். என்ன கேட்டாள்? இவன் அதற்கும் ஏதோ சொன்னான், அதற்கும் சிரித்தான். மறந்துபோயிற்று. சிரித்தது மட்டும்தான் தங்கியிருக்கிறது.

எழுந்து ஜன்னலுக்குப் போனான். நேற்றே, டீச்சர் போன கையோடு, கறுப்புச் சாக்கில் ஊதுபத்தியால் ஒரு ஓட்டை சுட்டு வைத்திருந்தான், ஒரு கண் அளவுக்கு. பெற்ற மகளை வேவு பார்க்க ஓட்டை சுடுகிறவன் நல்ல தகப்பனா என்று கேட்டுக்கொண்டேதான் சுட்டான். கதவு குழாயடியைப் பார்த்திருக்கிறது, ஜன்னல் பின்பக்கம் ரோட்டு முக்கைப் பார்த்திருக்கிறது. முக்கில் கரண்டுக் கம்பம், கம்பத்துக்கு இடப்பக்கம் திரும்பினால் பள்ளிக்கூடம், வலப்பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டும் ஊரும் உலகமும். நீலப் பை வந்தது. கம்பத்தடியில் நின்றது. போ கண்ணு, இடக்கைப் பக்கம் போ என்று உதடு தானாக அசைந்தது. பை திரும்பி ஜன்னலைப் பார்த்தது, நேராக, அவன் கண்ணையே பார்த்த மாதிரி. இவன் தலையை இழுத்துக்கொண்டான். ஓட்டை தெரிந்திருக்குமா, அங்கிருந்து தெரியாது, தெரியும், வெயில் இந்தப் பக்கம்தான் விழுகிறது. மறுபடி கண்ணை வைத்தபோது பை இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்துப் பக்கம், பாதி ஓட்டம் பாதி நடையாக. அப்பாடா என்று பாயில் விழுந்தான். விழுந்த அதே நொடியில், அப்பாடா என்று நினைக்கவைக்கத்தான் அப்படிப் போனாளோ என்று தோன்றியது. எட்டு வயசில் இவ்வளவு சூது வருமா. தனக்கு வந்ததே. அஞ்சாங்கிளாசில் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பகலைக் கழித்தவன்தானே, ஒரு வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்தபோது, சரி விடு, மாடு மேய்க்க ஆள் ஆச்சு என்றார் அப்பன். யாருமே வீடு தேடி வந்து தேதி எழுதிய சீட்டைக் கொடுக்கவில்லை. அப்புறம் எழுத்தெல்லாம் தானே பொறுக்கிக்கொண்டது, பொட்டலக் காகிதத்தில் தமிழ், மிஷின் மேல் அடித்த தகட்டில் இங்கிலீஷ். இன்றைக்கும் பிரேக்கில் டீ குடிக்கப் போகாமல் லைப்ரரிப் புஸ்தகத்தைப் பிரிப்பான், வாத்தியாரு வந்துட்டாருடோய் என்று மிஷினில் அறுந்த நூலை இணைக்கிற சைடர் பெண்கள் கேலி பண்ணுவார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்குப் பதினேழு நாள் லீவு.

மெசேஜ் போயிருக்கிறது என்றாரே டீச்சர். வீட்டு நம்பருக்கு, ஒவ்வொரு தடவையும். வீட்டு நம்பர் என்றால் துளசிமணி நம்பர். ராத்திரி அவன் மில்லுக்குக் கிளம்பும்போது கேட்டான். "கம்பெனிக்குள்ள போனு விடறதில்லீங்க, வெளிய வந்து பாத்தா நூறு மெசேஜு கெடக்குது, அதுல எதுன்னு பாக்கறது" என்றாள், பார்க்காமலே சொன்னாள், டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டே. டப்பா ஏற்கனவே துடைத்திருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்குமோ. தெரிந்து வைத்துக்கொண்டு, அவள்தான் பிள்ளையை நிறுத்துகிறாளோ. அவள் அண்ணன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று போனில் புலம்பியது காதில் விழுந்ததே. இல்லாவிட்டால் இப்படி இருக்கலாம், இதை நினைத்தபோது அவனுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. பிள்ளையை அவனுக்குக் காவலாக வைத்திருக்கிறாளோ. உங்கப்பன் பகல்ல என்ன பண்றாரு, ஆரு வாராங்கன்னு பாத்து வெய்யி என்று. பதினோரு வருஷம் ஒரே வீட்டில், ஒருத்தர் வரும்போது ஒருத்தர் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் பார்த்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டிக்குள் எதுதான் முளைக்காது. தன் மண்டைக்குள் முளைக்கிறதே இத்தனை, அவள் மண்டையில் முளைக்காதா. வெளியே எங்கோ சருகு கொளுத்துகிறார்கள். புகை வாசம் ஓட்டை வழியாக உள்ளே வந்து சுற்றியது. ரோடு கூட்டுகிறவர்கள் வாரம் ஒருநாள் கொளுத்துவார்கள். மணி ஒன்பது பத்து.

சீட்டை மறுபடி எடுத்தான். ராத்திரி மில்லில் இதை எத்தனை தடவை பிரித்தானோ, மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. தேதிகளைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தபோதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. ஒரு வாரம் முழுக்க வரவில்லை, அடுத்த வாரம் முழுக்க ஒருநாள் விடாமல் வந்திருக்கிறாள். மறுபடி ஒரு வாரம் இல்லை, மறுபடி ஒரு வாரம் உண்டு. இந்த வாரம் திங்களும் செவ்வாயும் இல்லை. வயிற்றுவலி இப்படி வராது, படிக்கப் பிடிக்காத பிள்ளை இப்படிக் கணக்கு வைத்து நிற்காது. வாரம் விட்டு வாரம் மாறுவது இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான், ஷிப்ட். ஒருவாரம் பகலில் சும்மா இருக்கிற எவனோ ஒருத்தன், அடுத்த வாரம் பகலில் வேலைக்குப் போகிறவன். அவன் சும்மா இருக்கிற வாரமெல்லாம் தன் மகள் பள்ளிக்கூடம் போவதில்லை. மில் ஆளா, சாயப்பட்டறை ஆளா. முகம் இல்லாத அந்த ஆளுக்கு இவன் ராத்திரி முழுக்க முகம் மாட்டிக்கொண்டிருந்தான், பேக்கரியில் வேலைசெய்கிறவன் முகம், பக்கத்து மிஷின்காரன் முகம், சைக்கிளில் பலூன் கட்டிக்கொண்டு வருகிறவன் முகம், எல்லா முகமும் பொருந்தியது. அதுதான் பயம். பொருந்தாத முகம் ஒன்றாவது இருந்திருக்கக் கூடாதா. அந்த ஆள் மிட்டாய் வாங்கித் தருவானோ, போனில் படம் காட்டுவானோ, அதற்குமேல் நினைப்பை விடாமல் பல்லைக் கடித்தான். எங்கயும் போகலீங்கப்பா என்று சொன்ன முகத்தில் பயம் இருந்ததா. இருந்தது. யாரைப் பார்த்த பயம்.

கூடவே காது வேறு. இடது காதுக்குள் மில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அது பழகிப்போன சங்கதி, இரைச்சல்ல வேலை செஞ்சா அப்படித்தான், காதுல பஞ்சு வெச்சுக்கோங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஞ்சு மில்காரனைக் காதில் பஞ்சு வைக்கச் சொன்னதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஆனால் கொஞ்ச நாளாக அந்த இரைச்சல் சரியில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் அதற்குள் ஒரு தாளம் வருகிறது. மெலிசாக, நாலு தட்டு அஞ்சு தட்டு ஏறி, ஓரிடத்தில் முட்டி நின்று, மறுபடி முதலிலிருந்து. எப்போதும் அதே இடத்தில்தான் முட்டுகிறது. மிஷினில் நூல் அறுந்துபோன கதிர் மாதிரி. சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை, வராத நாளில் நன்றாகத் தூங்குவான் என்று நினைத்தால் அதுவும் இல்லை, வருகிற நாளில்தான் அதைக் கேட்டுக்கொண்டே எப்போது கண் மூடியது என்று தெரியாமல் தூங்கிப்போகிறான். மூளையில் ஏதாவது கட்டியோ என்றுகூட நினைத்ததுண்டு. துளசிமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனுக்குச் சொல்வாள். இதோ, இப்போது வருகிறது. ஏறுகிறது, ஏறுகிறது, முட்டுகிறது, நிற்கிறது. மறுபடி.

போன் நெஞ்சின் மேல் அதிர்ந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, நின்றுவிட்டது. திரையில் டீச்சர் பேர், மணி ஒன்பது முப்பத்தாறு. வெள்ளியங்கிரி எழுந்து உட்கார்ந்தான். இடப்பக்கம்தானே போனாள், கண்ணால் பார்த்தேனே. கம்பத்திலிருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் ஐநூறு அடி, அந்த ஐநூறு அடிக்குள் ஒரு பிள்ளையை விழுங்க எத்தனை சந்து இருக்கிறது. சட்டையைத் தேடினான், மாட்டினான், கதவுக்கு வந்து இழுத்தான். கதவு ஒரு விரற்கடை வந்து நின்றது. வெளியே பூட்டு. கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் பூட்டிக் கிடக்கும்போது உள்ளேயிருந்து இந்தக் கதவை இழுத்ததில்லை, அதனால் இந்த விரற்கடை அவனுக்குப் புதுசு. கத்தலாம். ஆனால் யார் இருக்கிறார்கள், இந்த வாரம் பக்கத்து வீட்டுச் சாந்தாமணிகூடப் பகல் ஷிப்டு, லைனே காலி, இருக்கிற நைட்காரர்களும் இவனைப் போலப் பூட்டுக்குள்ளேதான். கத்தி ரோட்டில் போகிறவன் யாராவது வந்தால் என்னவென்று சொல்வது, மகளைக் காணோம், நான் உள்ளே இருக்கிறேன், சாவி அவள் கழுத்தில் என்றா. கேட்கிறவன் என்ன நினைப்பான். டீச்சருக்கு என்ன சொல்வது, அவர் நோட்டில் என்ன எழுதுவார், நாற்பது கிலோமீட்டருதான் என்று எழுதுவார். நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றான். மரம் குளுமையாக இருந்தது. காதுக்குள் அந்தத் தாளம் நிற்கவில்லை, சொல்லப்போனால் இங்கே, கதவுக்குக் கிட்டே, கொஞ்சம் கூடவே கேட்டது. இடது காதை இழுத்துப் பொத்தினான். அப்போதும் கேட்டது. வலது காதில்.

வலது காதை மரத்தோடு ஒட்டினான். தாளத்துக்குள் சொல் இருந்தது.

"...மூவேழு இருபத்தொண்ணு. நாலேழு இருபத்தெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு. ஆறேழு நாப்பத்திரெண்டு. ஏழேழு..."

நின்றது. மூச்சு. மறுபடி ஓரேழு ஏழிலிருந்து.

இப்படிச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி சொல்வார்கள். ஓரேழு, ஈரேழு, ஐயேழு என்று ராகம் போட்டது அவன். உட்கார்ந்தான், கதவடியில், சத்தமில்லாமல். கீழே கதவிடுக்கில் வெளிச்சம், வெளிச்சத்தில் ஒரு துண்டு நீலப் பை, ஒரு துண்டு வெள்ளை சாக்ஸ். கோபம்தான் முதலில் வந்தது, வந்து நிற்க இடமில்லாமல் போயிற்று.

"நாப்பத்தொம்போது" என்றான் கதவைப் பார்த்து.

வெளியே எல்லாம் நின்றது. சாக்ஸ் உள்ளே இழுத்துக்கொண்டது.

"வர்ணி."

"நீங்க தூங்குலீங்களா அப்பா?"

"எத்தன நாளா இங்க உக்காந்திருக்கற?"

பை ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம்.

"எங்கயும் போகலீன்னு சொன்னயே, இதத்தான் சொன்னயா?"

"ம்."

"உங்கம்மா உக்காரச் சொன்னாளா?"

"இல்லீங்கப்பா."

"வேற ஆராவது சொன்னாங்களா? பயப்படாம சொல்லு கண்ணு, அப்பா ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"அந்த வீடு எரிஞ்சப்ப. நம்ம வீடுன்னா உள்ள ஆளு இருக்கறது ஆருக்குமே தெரியாதுன்னு சொன்னீங்கல்ல. அப்ப சாவி ஆருகிட்ட இருக்கும்ன்னு கேட்டேன். உன்றகிட்டத்தான் அம்மிணி, நீதான் ஓடி வந்து தொறக்கோணும்ன்னு சொன்னீங்க." குரல் நடுங்கவில்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. "பள்ளிக்கோடத்துல இருந்து ஓடி வந்து பாத்தேன், ஒரு நாளு பெல்லடிச்சதும். எண்ணிக்கிட்டே வந்தேன். நூத்தி இருவது வந்துச்சு. அதுக்குள்ள எரிஞ்சிரும்."

அவ்வளவுதான். பேக்கரிக்காரனும் பலூன்காரனும் பக்கத்து மிஷின்காரனும் முகத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் அவனுக்குள் ஒரு முள் விடவில்லை. "அப்பறம் எதுக்கு ஒரு வாரம் போற, ஒரு வாரம் போகாம இருக்கற?"

"சாந்தாமணி அக்கா வீட்ல இருக்கற வாரம் போவேன். அவுங்களுக்குத் தெரியும்ல நீங்க உள்ள இருக்கறது. பகல் ஷிப்டுன்னா ஆரும் இல்ல." பிறகு, "இன்னிக்குப் போலாம்ன்னுதான் போனேன். சத்தியமா. பள்ளிக்கோடத்து கேட்டுக்குக் கிட்டப் போயிட்டேன், பொகை வாசம் வந்துச்சு" என்றாள்.

சருகு. ரோட்டுக்காரர்கள் கொளுத்திய சருகு. ஐநூறு அடியும் அவள் பையோடு ஓடி வந்திருப்பாள், இவன் பாயில் கிடந்து எவனெவனுக்கோ முகம் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில். அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமல்ல என்றான். "சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க, அப்பறம் வேலைக்குப் போக மாட்டீங்க" என்றாள். அதையும் அவன்தான் எப்போதாவது சொல்லியிருப்பான், சிரித்துக்கொண்டே. வீட்டில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் இந்தப் பிள்ளை பொறுக்கி எடுத்து, தான் பொட்டலக் காகிதத்தைப் பொறுக்கினதுபோல, அட்சரம் விடாமல் படித்து வைத்திருக்கிறது. படிக்கத் தெரியாத பிள்ளை என்று எந்த டீச்சர் சொல்வது. "தொற சாமி" என்றான். கயிற்றைக் கழற்றுகிற சத்தம், சாவி, டொக், கிணுக். வெளிச்சம் அடித்தது, கண் கூசியது. வர்ணிகா ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து நின்றாள், அடி விழும் என்று தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு.

அடிக்கவில்லை. பூட்டை அவள் கையிலிருந்து வாங்கினான், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்று கதவையும் கொண்டியையும் மாறிமாறிப் பார்த்தான், பதினோரு வருஷம் மிஷின் பார்த்தவனுக்கு இது ஒரு வேலையா, ஆனாலும் இதுவரை தோன்றவில்லை. பூட்டை வளையத்தில் மட்டும் மாட்டி அமுக்கினான், கொண்டியை அதற்குப் பின்னால் ஒதுக்கி விட்டான். ரெண்டடி தள்ளி நின்று பார்த்தால் பூட்டிய வீடு. கிட்டே வந்து தொட்டால்தான் தெரியும் பொய்ப்பூட்டு என்று. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். "எப்படி?" என்றான். வர்ணிகா ரெண்டடி தள்ளி நின்று பார்த்தாள், நாலடி தள்ளிப் பார்த்தாள், குழாயடிக்குப் போய்ப் பார்த்தாள். முகத்தில் நம்பிக்கை இல்லை. அப்பன் மகள். "உள்ள போயி படுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"போயி பாயில படுங்க. தாழ் போட்டுக்கோங்க. நான் தீன்னு கத்தறேன். நீங்க வரோணும்."

படுத்தான். தீ என்றாள், ரகசியம் போல. எழுந்து வந்து திறந்தான். "ஏழு" என்றாள். "தூங்கற மாதிரிக் கண்ண மூடிட்டுப் படுங்க." மறுபடி படுத்தான், மறுபடி தீ, மறுபடி திறந்தான், ஒன்பது. மூன்றாவது தடவை தாழ் கொஞ்சம் மக்கர் பண்ணியது, துருப்பிடித்தது, ஆட்டி ஆட்டி எடுத்துத் திறந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. "பதினஞ்சு. ஏனுங்கப்பா இவ்வளவு நேரம்?" அடுப்படிக்குப் போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தாழுக்கு அவளையே விடச் சொன்னான். நாலு சொட்டு. அப்புறம் ஆறுக்கே திறந்தது. ஆறில் அவளுக்குத் திருப்தி. அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டான், இரண்டையும் ஒரே மட்டத்தில்.

பள்ளிக்கூடம் வரைக்கும் அவனே கூட நடந்தான், பகல் வெயில் மண்டையைப் பிளந்தது, இந்த நேரத்து ரோட்டைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. எதிரே வந்த ஆட்களின் முகத்தையெல்லாம், தேவையில்லை என்று தெரிந்தும், பார்த்துக்கொண்டே போனான். கேட் அருகே வர்ணிகா நின்றாள்.

"இப்ப வீட்ல ஆரு இருக்கா?"

"ஆரும் இல்ல."

"அப்ப எரிஞ்சா எரியட்டும்" என்றாள். ஒன்றரை மாசத்தில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்து உள்ளே ஓடினாள். ஞானசுந்தரி டீச்சர் வராந்தாவுக்கு வந்து, "என்னங்க ஆச்சு?" என்றார். சொல்லலாமா, சொன்னால் நோட்டில் என்ன எழுதுவார், தகப்பனைப் பூட்டிவிட்டுக் காவல் இருந்தாள் என்றா. அவர் கையில் நோட்டு இல்லை, சாக்பீஸ் தூள்தான் இருந்தது. உள்ளே வர்ணிகா பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இவன் சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கயிற்றுச் சாவியை எடுத்துக் காட்டினான். "இது அவ கழுத்துல இருந்துச்சுங்க. இனி இருக்காது" என்றான். பிறகு நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னான், ஓட்டை சுட்டதை மட்டும் விட்டுவிட்டு. டீச்சர் வராந்தாத் தூணில் சாய்ந்தபடி கேட்டார். கடைசியில், "நாளைக்கு?" என்றார். "ஒம்போதுக்கு முன்னாடிங்க. நானே கொண்டாந்து விடறேன்." "அப்ப அந்தப் பேரு எழுதற வேலை எனக்கு இல்ல" என்றார், கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, சாக்பீஸ் தூளாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்தான். பொய்ப்பூட்டு யார் கையும் படாமல் தொங்கியது. உள்ளே போய்த் தாழ் போட்டான், படுத்தான், ஊதுபத்தி ஓட்டை வழியாக ஒரு நூல் வெளிச்சம் சுவரில் நின்றது. காதுக்குள் மில் மட்டும் ஓடியது, தாளம் இல்லாமல், ஏற்றமில்லாமல், முட்டாமல், ஒரே சீராக. தூக்கம் வரவில்லை. உதடு தானாக ஓரேழு ஏழு என்று ஆரம்பித்தது, ஏழேழு வரைக்கும் போய் நின்றது. தாழ் ஆறு எண்ணுவதற்குள் திறந்தது, அவள் வெளியே நின்றிருந்தபோது. ஆள் இல்லாதபோது திறக்குமா. எழுந்து இருட்டில் கையால் துழாவிப் போய் தாழை நீக்கினான். திறந்தது. சாத்தினான். பாய் வரைக்கும் போய், திரும்பி வந்து, இன்னொரு தடவை நீக்கிப் பார்த்தான்.